குழவி காத்த பேக்கர் அம்மையார்

ஒரு நாட்டின் செல்வம் யாதென வினவின், பொன்னென்பாரும், விளைநிலமென்பாரும், வாணிகமென்பாரும் உளர். அவை யாவும் செல்வமே எனினும், அவற்றை ஈட்டற்கும் துய்த்தற்கும் மக்கள் வேண்டுமாதலின், மக்கட்செல்வமே ஏனைச் செல்வங்கட்கெல்லாம் அடிப்படையாயிற்று. அச்செல்வத்தைக் காத்தலாவது பிறந்த குழவியையும் அதனைப் பெற்ற தாயையும் காத்தலேயாம்.

குழவி நோயுற்றால் அதனை விரைந்து மருத்துவரிடம் கொண்டு செல்லுதல் வேண்டுமென்பதை இன்று யாவரும் அறிவர். நோய் வருமுன்னரே வீட்டு வாயிலுக்கு வந்து, இன்னது செய்க, இன்னது தவிர்க என்று தாய்க்கு எடுத்துரைக்கும் பயிற்சி பெற்ற ஒருவரது தொண்டின் அருமையை உணர்ந்தவரோ மிகச் சிலர். அத்தொண்டினை ஒரு மாநகரின் கடமையாகவே ஆக்கி, அதற்கென ஒரு பணியாளர் கூட்டத்தைத் திரட்டிப் பயிற்றி நிலைபெறச் செய்தவர், அமெரிக்க ஐக்கிய நாட்டினராகிய சாரா ஜோசபைன் பேக்கர் அம்மையார். நம் சங்கத்துத் தாய்மாரும் இளைஞரும் அறிந்து பயன்கொள்ளும் பொருட்டு அவர்தம் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூற முற்படுகின்றோம்.

பிறப்பும் இளமையும்

அம்மையார் 1873-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 15-ஆம் நாள், நியூயார்க் மாநிலத்தில் ஹட்சன் ஆற்றங்கரையிலுள்ள பக்கீப்சி என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் வழக்கறிஞர், செல்வமும் நன்மதிப்பும் உடையவர். தாயார் அவ்வூரிலுள்ள வாசர் மகளிர் கல்லூரி தொடங்கிய காலத்தில் அதிற் பயின்ற மாணவியருள் ஒருவர். பெண்கள் உயர்கல்வி பெறுதல் அரிதாயிருந்த அந்நாளில் அஃது ஒரு பெருமையே.

அம்மையாரது பிள்ளைப்பருவத்து நிகழ்ச்சியொன்று அவர்தம் இயல்பை நன்கு காட்டும். ஒருநாள் புத்தாடை புனைந்து வீட்டு முன்றிலில் அமர்ந்திருந்த அச்சிறுமி, மெலிந்து கந்தலுடுத்து அவ்வழிப் போந்த கறுப்பினச் சிறுமி ஒருத்தியைக் கண்டாள். கண்டவுடன் தன் ஆடையனைத்தையும், காலணி உள்ளாடை உட்படக் களைந்து அவளுக்கு ஈந்துவிட்டு, வெற்றுடம்புடன் வீட்டினுட் சென்றாள். பெற்றோர் அதற்காக அவளைக் கடிந்திலர். முல்லைக்குத் தேரீந்த பாரியையும், மயிலுக்குப் போர்வை அளித்த பேகனையும் போற்றும் மரபினராகிய நமக்கு இச்செயலின் பெருமை எளிதில் விளங்கும். கொடையின் தகுதியை ஆராயாது, எதிரே நின்றாரது துன்பம் ஒன்றையே நோக்கும் நெஞ்சம் அவருக்குப் பிறவியிலேயே வாய்த்திருந்தது.

அம்மையாருக்கு வயது 16 ஆனபொழுது அவ்வின்பக் குடும்பத்திற் பெருந்துயர் புகுந்தது. தம்பி இறந்தான். சின்னாளில் தந்தையாரும் டைபாய்டு சுரத்தால் உயிர் நீத்தார். ஊரார் குடித்த ஆற்றுநீரிற் கழிவு கலந்திருந்தமையே அந்நோய்க்குக் காரணமென்பர். ஈட்டுவாரின்றிக் குடும்பம் தளர்ந்தது. தாயையும் தமக்கையையும் தாமே தாங்குதல் வேண்டுமென்று அம்மையார் துணிந்தார். வாசர் கல்லூரியிற் பயிலும் எண்ணத்தைக் கைவிட்டு, மருத்துவம் பயிலுதல் வேண்டுமென்று உறுதி கொண்டார். உறவினரும் நண்பரும் இது பெண்ணுக்கு அடாத துறையென்று தடுத்தனர். தடுக்கத் தடுக்க அவர்தம் உறுதி வலிபெற்றதேயன்றித் தளர்ந்திலது.

மருத்துவக் கல்வி

நியூயார்க் நகரில் எலிசபெத் பிளாக்வெல், எமிலி பிளாக்வெல் என்னும் உடன்பிறந்த அம்மையார் இருவரும் நிறுவிய மகளிர் மருத்துவக் கல்லூரி ஒன்று இருந்தது. அதிற் சேர்ந்து பயின்ற நம் அம்மையார், 1898-ஆம் ஆண்டில் 18 மாணவியர் கொண்ட வகுப்பில் இரண்டாமவராகத் தேறினார்.

அக்கல்லூரியில் ஆன் டேனியல் அம்மையார் என்னும் ஆசிரியை, நோயில்லாத இயல்பான குழந்தையைப் பற்றி ஒரு பாடம் நடத்திவந்தார். நோயைப் பயில வந்த மாணவியர்க்கு அது சுவையற்றதாகத் தோன்றியது. நம் அம்மையாரும் அதனைப் பொருட்படுத்தாதிருந்து, அப்பாடம் ஒன்றில் மட்டும் தவறினார். மீண்டும் பயின்றே தேறவேண்டிய கட்டாயம் வந்தமையின் ஊன்றிப் படிக்கலானார். அங்ஙனம் படித்தபொழுதுதான், நலமுள்ள குழந்தை எவ்வாறு வளர்கின்றது, அதனை நலமுடன் வைத்திருப்பவை யாவை என்பன எத்துணை அரிய பொருள்களென்று அவருக்குப் புலனாயிற்று. தேர்விற் பெற்ற தோல்வியொன்று வாழ்நாட் பணிக்கு வித்தாயினமை மாணவர் கருதத்தக்கது.

ஓராண்டு பாஸ்டன் நகரில் மகளிர்க்கும் குழந்தைகட்கும் உரிய மருத்துவமனையொன்றிற் பயிற்சி பெற்றபின், நியூயார்க் நகரில் தனியே மருத்துவத் தொழில் தொடங்கினார். பெண் மருத்துவரை நாடி வந்தார் மிகச் சிலர். முதலாண்டு முழுவதிலும் அவருக்குக் கிடைத்த வருவாய் 185 டாலரே. வாழ்க்கைக்கு அது போதாமையின், 1901-ஆம் ஆண்டிற் சுகாதாரத் துறைத் தேர்வெழுதி, மருத்துவப் பார்வையாளராகப் பகுதிநேரப் பணி ஏற்றார். வறுமை காரணமாக ஏற்ற அப்பணியே அவரைத் தம் கடமையின் வாயிலிற் கொண்டு நிறுத்தியது.

அடுக்கு வீடுகளிற் கண்ட காட்சி

அந்நாளில் நியூயார்க் நகரில் ஐரோப்பிய நாடுகளினின்றும் ஆண்டுதோறும் பல்லாயிரவர் பிழைப்புத் தேடி வந்து குடியேறினர். இத்தாலியர், ஐரிஷ் மக்கள், உருசிய நாட்டு யூதர் முதலிய அவ்வேழைகள், காற்றும் ஒளியும் புகாத அடுக்கு வீடுகளில் நெருங்கி வாழ்ந்தனர். மேலைப்புறத்தில் 'நரகத்தின் அடுக்களை' என்றே ஒரு பகுதிக்குப் பெயர் வழங்கிற்றெனின், அதன் நிலைமையைக் கூறவும் வேண்டுமோ? அப்பகுதியில் மாடிப்படிகளை ஏறி இறங்கி, நோயுற்ற குழந்தைகளைத் தேடிக் காணுதல் அம்மையாரது பணியாயிற்று.

கோடை வந்துவிட்டால் வயிற்றுப்போக்கு நோய் குழந்தைகளைக் கொள்ளை கொண்டது. கோடைக்காலத்தில் ஒரு வாரத்தில் 1500 குழந்தைகள் வரை அந்நகரில் மாண்டனவென்று பின்னாளில் அம்மையாரே தம் வரலாற்று நூலிற் குறித்துள்ளார். திறந்த கலங்களில் வெயிலில் வைத்து விற்கப்பட்ட ஆவின்பால் விரைவிற் கெட்டது. நீரும் பிறவும் கலந்து விற்றாரும் உளர். தாய்ப்பாலை நிறுத்தி அப்பாலைப் புகட்டிய குழந்தைகளே மிகுதியும் இறந்தன. வெப்பம் மிக்க அறையிற் சாளரங்களை அடைத்து, குழந்தையைப் பல துணிகளாற் சுற்றி வைத்தலும் வழக்கமாயிருந்தது.

அத்தாய்மார் அன்பிலரல்லர், அறியாதவர். பத்துக் குழந்தைகளைப் பெற்று நால்வரை மட்டும் வளர்த்தெடுத்தவள், ஏனையோர் இறந்தமை இறைவன் செயலென்று எண்ணி அமைந்தாள். நோய் முற்றியபின் சென்ற அம்மையாரால் அக்குழந்தைகட்குச் செய்யத்தக்கது யாதுமில்லை. நாள்தோறும் இறப்பைக் கண்டு வந்த அவர் உள்ளத்தில் ஓருண்மை தெளிவாயிற்று. இறக்கும் குழந்தையைப் பிழைப்பித்தல் பெரும்பாலும் இயலாது. நலத்துடன் பிறந்த குழந்தையை நலத்துடனே வைத்திருத்தல் இயலும். ஆதலின் மருத்துவர் செல்லவேண்டிய காலம் நோய்க்குப் பின்னன்று, முன்னேயாம் என்பது அவர் கண்ட முடிபு.

இடையில் 1907-ஆம் ஆண்டில், டைபாய்டு மேரி எனப் பெயர்பெற்ற மேரி மல்லன் என்னும் சமையற்காரியைத் தேடிப் பிடிக்கும் பணியும் அவரைச் சார்ந்தது. தனக்கு நோயின்றியே பிறர்க்கு நோய் பரப்பிய அப்பெண்ணை, காவலர் துணையுடன் நெடுநேரம் தேடிக் கண்டுபிடித்து, மருத்துவ வண்டியில் தாமே உடனிருந்து கொண்டு சென்றார். உலகம் அவரை இந்நிகழ்ச்சியாலேயே பெரிதும் நினைவுகூர்கின்றது. எனினும் அவர்தம் உண்மைப் பெருமை வேறிடத்துள்ளது.

முப்பது செவிலியர்

1908-ஆம் ஆண்டுக் கோடையில் அவர் தம் கருத்தைச் செய்து காட்ட ஒரு வாய்ப்புக் கிடைத்தது. நகரப் பள்ளிகளில் மாணவர் நலம் பார்க்கும் செவிலியர் பலர் இருந்தனர். கோடை விடுமுறையிற் பள்ளிகள் மூடப்பட்டமையால் அவருள் முப்பதின்மரை அம்மையார் வசம் ஒப்புவித்தனர். கீழைப்புறத்தில் இத்தாலியர் மிக்கு வாழ்ந்ததும், குழந்தை இறப்பு மிக்கதுமாகிய ஒரு வட்டாரத்தை அவர் தேர்ந்தெடுத்தார்.

அவர் வகுத்த முறை மிக எளியது. முன்னாள் அவ்வட்டாரத்திற் பதிவான பிறப்புக்களின் பட்டியலை நாள்தோறும் பெறுதல். பிறந்த மறுநாளே அவ்வில்லத்திற்கு ஒரு செவிலியைப் போக்குதல். அவர் தாயினருகில் இருந்து, தாய்ப்பால் ஒன்றையே ஊட்டுக, சாளரத்தைத் திறந்து வைக்க, நாள்தோறும் நீராட்டுக, வெயிற்காலத்தில் மெல்லிய ஆடை உடுத்துக, காற்றாட வெளியே கொண்டு செல்க என்று சொல்லியும் செய்தும் காட்டுதல். பின்னரும் அடிக்கடி சென்று பார்த்தல். மருந்தொன்றும் கொடுத்திலர், புதிய கருவியொன்றும் கொண்டுசென்றிலர். தாயர் அறியவேண்டியதை அறிந்தார் ஒருவர் அவர்தம் வீட்டிற்கே சென்று, அவர்க்கு விளங்குமாறு கூறினர், அவ்வளவே.

கோடை கழிந்தபின் கணக்கெடுத்தபொழுது, அவ்வொரு வட்டாரத்தில் முந்திய ஆண்டுக் கோடையினும் 1200 குழந்தைகள் குறைவாக இறந்தமை தெரிந்தது. நகரின் பிற பகுதிகளிலோ இறப்பு முன்போலவே இருந்தது. முப்பது செவிலியர் நடந்த நடையாற் பிழைத்த உயிர்கள் இவை.

நம் பண்டை அகப்பாட்டுக்களிற் செவிலி என்பாள் தலைவியை வளர்த்த தாய். தோழியின் தாயும் அவளே. பெற்றவள் நற்றாய், பேணி வளர்த்தவள் செவிலி. நோயாளரையும் குழந்தைகளையும் பேணும் பணிமகளிர்க்கு இக்காலத்தார் அப்பெயரை வழங்குதல் மிகவும் பொருத்தமுடைத்து. பேக்கர் அம்மையாரது செவிலியரும் ஏழைக் குழந்தைகட்கு இரண்டாம் தாயராகவே விளங்கினர்.

குழந்தை நலப் பிரிவு

இவ்வெற்றியைக் கண்ட நகராட்சி, அவ்வாண்டு ஆகஸ்டுத் திங்களிலேயே சுகாதாரத் துறையிற் குழந்தை நலத்திற்கெனத் தனிப் பிரிவொன்றை நிறுவி, அம்மையாரை அதற்குத் தலைவராக்கியது. வரிப்பணத்தாற் குழந்தை நலம் ஒன்றையே பேணுதற்கு எழுந்த அரசியல் அமைப்புக்களுள் இதுவே முதலாவதென்பர்.

அப்பிரிவிற்கு முதற்கண் அமர்த்தப்பட்ட ஆண் மருத்துவர் அறுவரும், பெண்ணொருத்தியின் கீழ்ப் பணியாற்றேமென்று விலகல் முடங்கல் கொணர்ந்தனர். அம்மையார் சினந்திலர். ஒரு திங்கள் மட்டும் இருந்து பாருங்கள், பின்னரும் விருப்பமில்லையாயிற் போகலாம் என்ற கருத்துப்படக் கூறினார். திங்கள் கழிந்தபின் ஒருவரும் போயினாரல்லர். பெண்ணென்னும் எண்ணம் உடன்பணிபுரிவார்க்குத் தோன்றாவண்ணம் ஆடவர்போல மேற்சட்டையும் கழுத்துப்பட்டையும் அணிதலை அவர் வழக்கமாகக் கொண்டிருந்தார் என்பதும் ஈண்டு அறியத்தக்கது.

அப்பிரிவு ஆற்றிய தொண்டுகள் பல. தாய்ப்பால் கிட்டாத குழந்தைகட்குத் தூய பாலை அளித்தற்கும், குழந்தைகளை நிறுத்துப் பார்த்து அறிவுரை கூறுதற்கும் நகரெங்கும் குழந்தை நல நிலையங்கள் அமைந்தன. குழந்தையின் தலைவழியே இழுத்து மாட்டாது, முன்புறம் முழுதும் திறந்து உடுத்தத்தக்க எளிய ஆடையொன்றை அம்மையாரே வகுத்தார். அதன் வெட்டுப்படியை ஆயுள் காப்புக் கழகமொன்று பேரளவில் வாங்கித் தாய்மார்க்கு வழங்கியது. பள்ளிகளில் மாணவர்க்குக் கண், தொண்டை, பல் முதலியவற்றைச் சோதித்தலும் ஒழுங்குபெற்றது.

பெற்றோரற்ற குழந்தைகளைப் பற்றி அவர் செய்ததொன்று நினைக்குந்தோறும் உள்ளத்தை உருக்கும். மருத்துவமனைகளில் தூய்மையான கட்டிலும், அளந்து கொடுத்த பாலும் பெற்றிருந்தும் அக்குழந்தைகள் மிகுதியாக இறந்தன. எடுத்து அணைப்பார் இன்மையே குறையென்று உய்த்துணர்ந்த அம்மையார், அக்குழந்தைகளை அடுக்கு வீடுகளில் வாழ்ந்த அன்புமிக்க ஏழைத் தாயரிடம் சிறு ஊதியத்திற்கு வளர்க்கக் கொடுத்தார். செவிலியர் சென்று பார்த்துவந்தனர். செல்வ மருத்துவமனையில் வாடிய குழந்தைகள் ஏழையின் மடியில் தழைத்தன.

மருத்துவச்சியரும் சிறுமியரும்

அம்மையாரது அறிவுடைமை, பணியாளரை எங்கே தேடுவது என்பதிற் சிறப்பாக விளங்கிற்று. குடியேறிய மக்களிற் பெரும்பாலார் பேறு பார்த்தற்கு மருத்துவச்சியரையே நம்பினர். ஆடவர் பேற்றறையிற் புகுதலை அவர்தம் வழக்கம் ஒப்பவில்லை. மருத்துவர்க்குக் கொடுக்கப் பொருளும் இல்லை. மருத்துவர் பலர், மருத்துவச்சியர் அறியாமையும் அழுக்கும் உடையவரென்றும், அத்தொழிலையே ஒழித்துவிடுதல் வேண்டுமென்றும் முழங்கினர்.

பேக்கர் அம்மையார் அதற்கு இசைந்திலர். ஒழித்துவிட்டால் அவ்வேழைப் பெண்கள் மருத்துவரிடம் செல்லப்போவதில்லை. யாருமின்றியே ஈனுவர் என்பதை அவர் அறிவார். அன்றியும், மருத்துவச்சியர் பார்த்த பேறுகளில் விளைந்த தீங்கு, மருத்துவர் பார்த்தவற்றினும் மிகுதியன்று என்பதை எண்ணிக்கை கொண்டு காட்டினார். எனவே, மருத்துவச்சியர் யாவரும் பதிவு செய்து உரிமம் பெறவேண்டுமென்றும், பயிற்சியும் தூய்மையும் உடையார்க்கே உரிமம் வழங்கப்படுமென்றும் ஒழுங்குகள் வகுத்து நடத்தினார். 1911-ஆம் ஆண்டில் பெல்வியூ மருத்துவமனையைச் சார்ந்து மருத்துவச்சியர்க்கான நகராட்சிப் பள்ளியொன்றும் தொடங்கியது. பழித்து ஒதுக்கப்பட்டவர் பயிற்சி பெற்றுப் பணியாளராயினர்.

குழந்தை பிறந்தவுடன் கண்ணிற் பற்றும் தொற்றினாற் பார்வையிழத்தல் அந்நாளில் மிகுதி. அதனைத் தடுக்கச் சில்வர் நைட்ரேட்டு என்னும் மருந்துநீர் விடுவர். புட்டியிற் பலநாள் வைத்த அந்நீர் மாசுபட்டுக் கெடும். அன்றி, வற்றிக் கடுமை மிக்குக் கண்ணையே கெடுக்கும். அம்மையார் தேன்மெழுகாற் சிறு சிமிழ்கள் செய்வித்து, ஒரு கண்ணுக்கு வேண்டும் அளவை ஒவ்வொன்றிலும் அடைத்து மருத்துவச்சியர்க்கு வழங்கினார். சிமிழை உடைத்து விட்டால் அளவு தவறாது, மாசும் சேராது. எழுத்தறியாத மருத்துவச்சியும் பிழையின்றிச் செய்யத்தக்க முறை அது. சில ஆண்டுகளில் அக்காரணத்தால் விளையும் குருடு அந்நகரில் மிகவும் அருகியது. பணியாளரைப் பழித்தலினும் அவர் கைக்கு ஏற்ற கருவியைக் கொடுத்தல் நன்றென்பதற்கு இச்சிமிழே சான்று.

தாயர் தொழிற்சாலைக்குச் சென்றபின் வீட்டிற் கைக்குழந்தையைக் காத்தவர் எட்டும் பத்தும் பன்னிரண்டும் வயதுடைய தமக்கையரே. இடுப்பிற் குழந்தையுடன் தெருவில் நின்ற அச்சிறுமியரை அம்மையார் 'சிறு தாயர் கழகம்' என்னும் பெயராற் பள்ளிகளில் ஒன்றுசேர்த்தார். குழந்தையை நீராட்டுதல், பால் காய்ச்சுதல், உடுத்தல் முதலியன அவர்க்குக் கற்பிக்கப்பட்டன. ஆங்கிலம் அறியாத தாயர்க்கு இச்சிறுமியரே வீட்டில் ஆசிரியராயினர். இத்தகைய கழகங்கள் பின்னர்ப் பிற நகரங்களிலும் தோன்றின.

எதிர்ப்பும் ஏற்றமும்

நல்லது செய்வார்க்கும் பகையுண்டு. புரூக்ளின் பகுதி மருத்துவர் முப்பதின்மருக்கு மேற்பட்டோர், குழந்தை நலப் பிரிவை எடுத்துவிடுதல் வேண்டுமென்று நகரத் தலைவர்க்கு விண்ணப்பம் விடுத்தனர். குழந்தைகள் நோயின்றி இருத்தலால் தம் தொழில் நலிகின்றது என்பதே அவர் முறையீடு. அவ்விண்ணப்பத்தைக் கண்ட அம்மையார், தம் பிரிவிற்குக் கிடைத்தற்கரிய பாராட்டு இதுவேயென்று மகிழ்ந்தார். வாஷிங்டன் நகரில் மற்றொரு காலத்து நடந்த விசாரணையிலும், தாயரையும் குழந்தைகளையும் அரசின் செலவிற் காப்பாற்றிவிட்டால் இளைஞர் மருத்துவம் பயில முன்வருவது எதற்காக என்று ஒரு மருத்துவர் வினவினாராம். பிறர் நோய் தமக்கு ஊதியமென்று கருதும் நெஞ்சம் எக்காலத்தும் எந்நாட்டும் உண்டு போலும்!

நியூயார்க் பல்கலைக்கழகம் பொதுநல மருத்துவத்தில் முனைவர் பட்டப்படிப்பொன்றைத் தொடங்கியபொழுது, குழந்தை நலம் பற்றி விரிவுரை நிகழ்த்துமாறு அம்மையாரை அழைத்தது. அவர் தம்மையும் அப்படிப்பில் மாணவியாகச் சேர்த்தால் விரிவுரை செய்வதாக விடையிறுத்தார். பெண்களைச் சேர்த்தல் வழக்கமில்லையென்று பல்கலைக்கழகத்தார் மறுத்து, வேறொருவரைத் தேடினர். அத்துறையில் அவரையொப்பார் கிட்டாமையின், ஈற்றில் அவர்க்காக வாயில் திறந்தது. பிற பெண்டிர்க்கும் அவ்வாயில் திறந்ததாயிற்று. வகுப்பில் ஆண் மாணவர் கைதட்டி எள்ளிய காலத்தும் பொறுத்து நின்று, 1917-ஆம் ஆண்டில் முனைவர் பட்டம் பெற்றார். அத்துறையில் அப்பட்டம் பெற்ற முதற் பெண்மணி அவரேயென்பர்.

முதல் உலகப்போர் நிகழ்ந்த காலத்தில் மக்கள் கவனமெல்லாம் போர்க்களத்தின் மேற் சென்றது. அம்மையாரோ ஓர் ஒப்புமை காட்டி மக்களைத் திடுக்கிடச் செய்தார். களத்து வீரர் நூற்றுவருள் நால்வர் இறக்கின்றனர். அமெரிக்காவிற் பிறக்கும் குழந்தைகள் நூற்றுள் பன்னிரண்டு இறக்கின்றன. ஆதலின் தொட்டிலினும் போர்க்களம் அஞ்சத்தகாதது என்பதே அவர் கூற்றின் கருத்து. இச்சொல் நாடெங்கும் பரவி, குழந்தை நலத்திற்கு ஆதரவைப் பெருக்கிற்று.

அம்மையார் பணி தொடங்கிய காலத்தில், அந்நகரிற் பிறந்த 1000 குழந்தைகளுள் ஓராண்டு நிறையுமுன் இறந்தவை 140-க்கு மேற்பட்டன. 1923-ஆம் ஆண்டில் அவர் பணியினின்று ஓய்வு பெற்றபொழுது அத்தொகை 70-க்குக் குறைந்திருந்தது. தூய நீரும், பாலைக் காய்ச்சி விற்கும் சட்டமும், உயர்ந்த கூலியும் இதற்குத் துணைநின்றன வெனினும், வீடுதோறும் சென்ற செவிலியரின் பங்கு பெரிது. நாட்டின் பல மாநிலங்கள் அவர் காட்டிய வழியிற் குழந்தை நலப் பிரிவுகளை நிறுவின. 1912-ஆம் ஆண்டில் அமெரிக்க நடுவணரசும் குழந்தைகட்கென ஒரு துறை அமைத்தது. உலக நாடுகளின் சங்கத்து நலக் குழுவிலும் அம்மையார் தம் நாட்டின் சார்பாக இருந்து பணியாற்றினார். 1939-ஆம் ஆண்டில் தம் வரலாற்றைத் தாமே நூலாக எழுதி வெளியிட்டார். 1945-ஆம் ஆண்டு பெப்ருவரித் திங்கள் 22-ஆம் நாள் நியூயார்க் நகரில் இறைவனடி சேர்ந்தார்.

நாம் கொள்ளத்தக்கவை

இவ்வரலாற்றால் நாம் அறியும் பொருள் யாது? தாய் சேய் நலம், பெருங்கட்டடங்களாலும் அரிய மருந்துகளாலும் மட்டும் நிலைபெறுவதன்று. வீடறிந்து, பெயரறிந்து, மொழியறிந்து வாயிலில் வந்து நிற்கும் பயிற்சி பெற்ற பணியாளரே அதற்கு வேர். அவர் தொகை குன்றினும், மதிப்புக் குன்றினும், பயிற்சி குன்றினும் அவ்வேர் வாடும்.

நம் தமிழ்நாட்டிற் பேக்கர் அம்மையார் கண்ட வழியை ஒத்த பணி இன்று ஊர்தோறும் நடைபெறுகின்றது. சமவெளியில் ஏறக்குறைய 5000 மக்களுக்கு ஒரு துணைச் சுகாதார நிலையம் என்னும் அளவில், கிராமச் சுகாதாரச் செவிலியர் அமர்த்தப்படுகின்றனர். கருவுற்றாரைப் பதிவு செய்தலும், தடுப்பூசி இடுதலும், பிறந்த வீடு சென்று பார்த்தலும் அவர்தம் கடன். முன்னாளில் வீட்டிலேயே நிகழ்ந்த பேறுகள் இன்று ஏறக்குறைய எல்லாம் மருத்துவமனைகளில் நிகழ்தற்கு அவர்தம் கால்நடையும் ஒரு காரணம்.

ஆயினும், அச்செவிலியர் நம் வீட்டிற்கு வருங்கால் நாம் அவரை எவ்வாறு ஏற்கின்றோம்? அவர் எக்குலத்தவர் என்று வினவிய பின்னரே திண்ணையில் இருக்கை இடுவார் நம்முள் இன்னும் இலரென்று கூறுதல் இயலுமோ? முன்னாளில் நம் பாட்டியர்க்கும் தாயர்க்கும் பேறு பார்த்த மருத்துவச்சியர் நிலையையும் எண்ணுக. இரவெல்லாம் விழித்து இரண்டுயிரைக் காத்தவளை, விடிந்தபின் புறக்கடை வழியே அனுப்பிய குடும்பங்கள் பல. அவள் கையைத் தொட்டுப் பிறந்தவர் அவளைத் தீண்டுதற்கு அஞ்சியது எத்துணைப் பேதைமை! குலப்பெருமை பேசும் சங்கங்களே முதற்கண் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். யாமும் அச்சங்கங்களுள் ஒன்றைச் சார்ந்தவராதலின் பிறரை மட்டும் நோக்கி இதனைக் கூறுகின்றேமல்லேம்.

மற்றொன்றும் கூறுவோம். நம் குடும்பத்துப் பெண்மக்களை மருத்துவராக்குதற்குப் பெரும்பொருள் செலவிட முந்துவார் பலர்; செவிலித் தொழிலுக்கு விடுத்தலை இழிவெனக் கருதித் தயங்குவாரும் பலர். ஒரு மருத்துவர்க்குப் பல செவிலியர் வேண்டுமென்பதை அவர் நினைப்பதில்லை. நம் சங்கத்தார் ஆண்டுதோறும் வழங்கும் கல்வி உதவியில் ஒரு பகுதியைச் செவிலியர் பயிற்சிக்கும் கிராமச் சுகாதாரப் பயிற்சிக்கும் ஒதுக்குதல் நன்று. அப்பயிற்சி முடித்துத் திரும்பும் பெண்ணை ஆண்டு விழாவில், பட்டம் பெற்றாரோடு ஒப்ப மேடையில் இருத்திச் சிறப்பித்தல் அதனினும் நன்று. இல்லத்து இளம்பெண்கட்கும் ஆண்பிள்ளைகட்கும் குழந்தை வளர்ப்பின் அடிப்படைகளைச் 'சிறு தாயர் கழக' முறையிற் கற்பித்தற்கு நம் மகளிர் பிரிவு முன்வருமாயின், செலவு சிறிது, பயனோ பெரிது.

தன் ஆடையைக் களைந்து ஏழைச் சிறுமிக்கு ஈந்த குழந்தை, வளர்ந்து பல்லாயிரம் குழந்தைகட்கு உயிரீந்த வரலாறு இது. கடல் கடந்த நாட்டில், பிற இனத்தில், பிற சமயத்திற் பிறந்த அவ்வம்மையாரை நாம் போற்றும் முறை, அடுத்த முறை நம் வாயிலுக்கு வரும் செவிலியை இன்முகத்தோடு வரவேற்று, உள்ளே அழைத்து, அவர் கூறுவதைக் கேட்டு நடத்தலேயாம். தாயரும் சேயரும் நீடு வாழ்க! அவரைக் காக்கும் கைகள் பெருகுக!